நீர்வண்ண ஓவியங்களைக் காக்கும் வழிகள்

தில்லி ஹாட், சூரஜ்குண்ட் மேளா போன்ற கைவினைச் சந்தைகளுக்குச் சென்று திரும்பும் குடும்பங்களில் பல, ஒரு மதுபனி ஓவியத்தையோ பட்டச்சித்திரத்தையோ சுருட்டிக் கையில் எடுத்து வருகின்றன. வீட்டிற்கு வந்ததும் எழும் முதற்கேள்வி, இதை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதாகவே இருக்கிறது. இதை எவ்வாறு காப்பது என்னும் கேள்வி, பெரும்பாலும் முதல் மழைக்காலம் முடிந்த பிறகே எழுகிறது. அதற்குள் சிவப்பு வண்ணம் பக்கத்து வெள்ளையில் கசிந்திருக்கும். அல்லது தாளின் ஓரத்தில் பூஞ்சை படர்ந்திருக்கும். அல்லது ஓவியம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும்.

வாங்குபவருக்கு இது மனவருத்தம். வரைபவருக்கோ வாழ்க்கைச் சிக்கல். நம் வாடிக்கையாளர்களில் ஓவியம் தீட்டி விற்போரும் இருக்கின்றனர். விற்பனையாகாமல் வீட்டில் அடுக்கிவைத்திருக்கும் ஓவியங்கள், வணிகவியல் முறையில் சொன்னால், அவர்களுடைய கையிருப்புச் சரக்கு. ஓர் இரவு கூரை ஒழுகினால், சில மாதத் தவணைக்கு ஈடான சரக்கு மதிப்பிழந்து போகக்கூடும். ஆகவே நீரில் கரைத்த மையாலும் வண்ணத்தாலும் தீட்டப்பட்ட ஓவியங்களைக் காக்கும் முறைகளை இவ்விதழில் சற்று விரிவாகக் காண்போம்.

‘மேலே ஒரு கோட் வார்னிஷ் அடித்துவிட்டால் போதும்’ என்பதே பலரும் கூறும் அறிவுரை. சில ஓவியங்களுக்கு அது மிகச் சரியான வழி. வேறு சில ஓவியங்களை அதுவே கெடுத்துவிடும். எதற்கு எது பொருந்தும் என்பதை அறிய, வண்ணத்தைத் தாளோடு பிடித்துவைத்திருப்பது எது என்பதை முதலில் அறிய வேண்டும்.

இதை மையைக் கொண்டு விளக்குவது எளிது. வங்கியில் பணிபுரிவோருக்கு மையோடு பழக்கம் அதிகம். ஊற்றுப்பேனாவில் நிரப்பும் சாதாரண நீல மை வெறும் சாயக் கரைசல். அதில் எழுதிய கையொப்பத்தின்மேல் ஒரு துளி நீர் பட்டாலும் கலைந்துவிடும். பழைய பேரேடுகளை எழுதப் பயன்பட்ட நீலக்கறுப்பு மை அத்தகையதன்று. அதில் இரும்பு உப்பும் துவர்ப்புப் பொருளும் கலந்திருந்தன. எழுதும்போது வெளிறித் தோன்றும் அம்மை, தாளில் இறங்கியபின் காற்றோடு வினைபுரிந்து நீரில் கரையாத கறுப்பாக மாறும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் ஆக்கிய மையின் அடிப்படையும் இதுவே. இரண்டுமே நீரில் கரைத்த மைகள்தாம். ஒன்றுக்குப் பாதுகாப்பு தேவை. மற்றொன்று தன்னைத்தானே காத்துக்கொள்கிறது.

வண்ணங்களிலும் இந்த வேறுபாடு உண்டு. நீர்வண்ணக் கட்டிகளிலும் குழாய்களிலும் நிறமித் தூளைப் பிடித்துவைப்பது வேல மரத்தின் பிசின். பிசின் உலர்ந்தாலும் அதன் குணம் மாறுவதில்லை. பத்தாண்டு கழித்து நீர் பட்டாலும் அது மீண்டும் கரையும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் போஸ்டர் வண்ணங்களும் பெரும்பாலும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. அக்ரிலிக் வண்ணமோ நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களால் ஆனது. நீர் ஆவியானதும் அத்துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு படலமாகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு நீர் பட்டாலும் அப்படலம் கரைவதில்லை. கடையில் இவ்விரண்டையும் ‘நீரில் கரையும் வண்ணம்’ என்றே விற்கின்றனர். உலர்ந்தபின் இவற்றின் போக்கு நேரெதிரானது.

நம் நாட்டு மரபுக் கலைஞர்கள் இச்சிக்கலை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆந்திரத்தின் ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி தீட்டுவோர், துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துகின்றனர். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் பெறும் நீரைக் கொண்டு அதன்மேல் கோடு வரைந்தால், கடுக்காயின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்து நூலிழைக்குள்ளேயே கறுப்பு உருவாகிறது. சிவப்பை நிலைநிறுத்தப் படிகாரம் உதவுகிறது. இவ்வாறு தீட்டிய துணியை ஓடும் நீரில் அலசுவதே அக்கலையின் ஒரு படிநிலை. அதற்கு வார்னிஷ் எதற்கு?

ஒடிசாவில் புரிக்கு அருகிலுள்ள ரகுராஜ்பூர் சிற்றூரின் பட்டச்சித்திரக் கலைஞர்கள் வேறொரு வழியைக் கண்டனர். துணியின்மேல் புளியங்கொட்டைப் பசையும் வெண்கட்டித் தூளும் பூசி, தேய்த்து வழவழப்பாக்கி, விளாம்பிசினில் குழைத்த வண்ணங்களால் தீட்டுகின்றனர். சங்கிலிருந்து வெள்ளை, சாதிலிங்கத்திலிருந்து சிவப்பு, அரிதாரத்திலிருந்து மஞ்சள், விளக்குப் புகைக்கரியிலிருந்து கறுப்பு. விளாம்பிசினும் நீரில் கரையக்கூடியதே. ஆகவே மரபு முறையில், ஓவியம் முடிந்தபின் அதனை நெருப்பின் வெப்பத்தில் காட்டி மேற்பரப்பில் அரக்கைப் பூசுவர். மின்னும் அந்தப் படலம் அழகுக்காக மட்டும் இடப்பட்டதன்று. ஈரத்தைத் தடுக்கும் முத்திரை அது. அஞ்சல் உறைகளுக்கும் பணப்பைகளுக்கும் முத்திரையிட நாம் பயன்படுத்திய அதே அரக்கின் உறவினம் இது. அரக்கைப் பற்றி ஆராய்வதற்கென்றே ராஞ்சிக்கு அருகில் 1924ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அரக்கு நீருக்கு அசையாது. ஆனால் சாராயத்தில் கரையும். ஆதலால் பட்டச்சித்திரத்தின்மேல் படிந்த தூசியைத் துடைக்கச் சானிட்டைசரையோ ஸ்பிரிட்டையோ ஒருபோதும் தொடலாகாது. மென்மையான உலர்ந்த தூரிகை போதும்.

மிதிலையின் கதை வேறு. பீகாரின் மதுபனி, தர்பங்கா மாவட்டப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டு மண்சுவர்களில் தீட்டிவந்த ஓவியம் அது. திருமணத்திற்காக மணவறைச் சுவரில் வரைவர், மழையில் கரையும், அடுத்த திருமணத்திற்கு மீண்டும் வரைவர். நிலைத்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கு எழவே இல்லை. 1966, 67ஆம் ஆண்டுகளில் பீகாரைக் கடும் பஞ்சம் வாட்டியபோது, பூபுல் ஜயகர் தலைமையிலிருந்த அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம், பாஸ்கர் குல்கர்னி என்னும் ஓவியரை அங்கு அனுப்பி, அப்பெண்களுக்குத் தாள் கொடுத்து வரையச் செய்தது. சுவரில் இருந்த கலை தாளுக்கு வந்தது, விற்பனைப் பொருளாயிற்று, குடும்பங்களுக்கு வருவாய் தந்தது. ஜகதம்பா தேவி 1975இலும், சீதா தேவி 1981இலும், கங்கா தேவி 1984இலும் பத்மஸ்ரீ விருது பெற்றனர். ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட சுவர் வண்ணத்திற்கும், விலை கொடுத்து வாங்கியவர் வீட்டில் ஐம்பது ஆண்டு இருக்க வேண்டிய தாள் வண்ணத்திற்கும் தேவை ஒன்றன்று. கலம்காரியைப் போல வண்ணம் இழைக்குள் வேரூன்றுவதும் இல்லை. பட்டச்சித்திரத்தைப் போல அரக்குக் காப்பும் இல்லை. மிதிலை ஓவியத்தைக் காக்கும் பொறுப்பு முழுவதும் வாங்கியவரைச் சேர்ந்தது.

இன்று சந்தையில் கிடைக்கும் மதுபனி ஓவியங்கள் எல்லாம் மஞ்சள், அவுரி, விளக்குக்கரி ஆகியவற்றால் தீட்டப்பட்டவை அல்ல. அக்ரிலிக்கிலும் துணி வண்ணத்திலும் வரைவோர் மிகப் பலர். அதில் குறை காண ஒன்றுமில்லை, அவை உறுதியானவையும்கூட. வாங்கும்போதே, ‘எந்த வண்ணம்? எதில் குழைத்தது?’ என்று கலைஞரிடம் கேட்டு, ஓவியத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் குறித்துவைப்பது நலம். கேட்பதில் கூச்சம் வேண்டா. கலைஞர்கள் இக்கேள்வியை விரும்புகின்றனர் என்பதே நாம் கண்டது.

கேட்க இயலாதபோது ஓர் எளிய சோதனை உண்டு. பஞ்சுக்குச்சியின் நுனியை இலேசாக ஈரமாக்கி, கண்ணில் படாத ஓரத்தில் ஒரு நொடி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. பஞ்சில் நிறம் ஏறினால் அது பிசின் வண்ணம் அல்லது சாயம். ஏறாவிடில் பெரும்பாலும் அக்ரிலிக். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். கறுப்புக் கோடு நிற்கும், சிவப்பு மட்டும் கசியும் என்ற நிலை மிகவும் பொதுவானது. பழமையோ மதிப்போ மிக்க ஓவியமாயின் சோதனையே வேண்டா. நீர் பட்டால் கரையும் என்றே கொள்வது அறிவுடைமை.

பிசின் வண்ணத்தில் தீட்டிய தாள் ஓவியத்திற்கு எந்தப் பூச்சும் பூசாமல், கண்ணாடிச் சட்டத்தில் அமைப்பதே நம் பரிந்துரை. தூரிகையால் வார்னிஷ் பூசினால், நீர் கலந்த வார்னிஷ் வண்ணத்தைக் கரைத்து இழுத்துவிடும். எண்ணெய் சார்ந்த வார்னிஷ் தாளுக்குள் ஊறி, எண்ணெய் பட்ட காகிதம் போல அதை நிறம் மாற்றிவிடும். ஒருமுறை ஊறியதைத் திரும்ப எடுக்க வழியில்லை. செலவு குறைவு என்று சிலர் லேமினேஷன் செய்கின்றனர். பள்ளிச் சான்றிதழ்களை லேமினேஷன் செய்து பழகிய நம் கைகளுக்கு அது இயல்பாகத் தோன்றலாம். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் இழைகளோடு ஒன்றிவிடுவதால், பின்னர் ஓவியத்தைச் சேதமின்றிப் பிரிப்பது ஏறத்தாழ இயலாத செயல். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைப் பயன்படுத்துவோரும் உள்ளனர். அது நாளடைவில் மஞ்சளாகி, தூசியையும் பிடித்துக்கொள்ளும்.

கண்ணாடிச் சட்டம் என்றவுடன், தெருமுனைக் கடையில் ஓவியத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, பின்னால் ஒட்டுப்பலகை அடித்துத் தருவதை நாம் கருதவில்லை. மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். அந்த ஈரம் பிசினை இளக்கும்; இளகிய வண்ணம் கண்ணாடியில் ஒட்டும். ஓவியத்திற்கும் கண்ணாடிக்கும் இடையே சில மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கவேண்டும். அதற்காகவே ஓவியத்தைச் சுற்றிச் சாளரம்போல் வெட்டிய தடித்த அட்டையை வைக்கின்றனர். கடைக்காரர்கள் அதனை ‘மவுண்ட்’ என்பர். மவுண்ட் அட்டையும் பின்னட்டையும் அமிலமற்றவையாக இருத்தல் வேண்டும். பழைய செய்தித்தாள் மஞ்சளாகி நொறுங்குவதைக் கண்டிருக்கிறோம். அதற்குக் காரணமான அமிலம் மலிவான அட்டையிலும் ஒட்டுப்பலகையிலும் இருக்கிறது. அது மெல்ல ஓவியத்தாளுக்கும் பரவும். அமிலமற்ற அட்டைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை வீண்செலவன்று.

ஓவியத்தை அட்டையில் முழுவதுமாக ஒட்டவும் கூடாது. மேல் விளிம்பில் மட்டும், மெல்லிய தாள் துண்டுகளைக் கீல்போல் வைத்து, கோதுமை மாப்பசையால் ஒட்டித் தொங்கவிடுவதே சரியான முறை. பசை நீரில் கரையும் என்பதால், எப்போது வேண்டுமானாலும் ஓவியத்தைச் சேதமின்றி எடுத்துவிடலாம். செல்லோ டேப் சில ஆண்டுகளில் பழுப்புக் கறையாக மாறித் தாளில் ஊறிவிடும். பூச்சி அரிக்காதிருக்க மாப்பசையில் மயில்துத்தம் கலப்பது நம் நாட்டுப் புத்தகம் கட்டுவோரின் பழைய வழக்கம். கணக்கேடுகளின் அட்டைக்கு அது பயன்பட்டிருக்கலாம். அதிலுள்ள செம்பு தாளை நலிவிக்கும் என்பதால் ஓவியத்திற்கு ஆகாது.

சட்டத்தின் பின்புறத்தைத் தடித்த தாளால் மூடி ஒட்டினால் இராமபாணப் பூச்சியும் தூசியும் நுழையா. கீழ் மூலைகள் இரண்டிலும் சிறிய கார்க் அல்லது ரப்பர் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் சட்டத்திற்கும் இடையே காற்று புகும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர், குளியலறையை அடுத்த சுவர், சமையலறைச் சுவர் ஆகிய மூன்றிலும் தாள் ஓவியத்தை மாட்டாதிருப்பது நன்று. மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

அக்ரிலிக்கில் தீட்டிய ஓவியத்திற்கு, குறிப்பாகக் கண்ணாடியின்றி மாட்டப்படும் கித்தான் ஓவியத்திற்கு, வார்னிஷ் தக்க காப்பாகும். அக்ரிலிக் படலம் சற்று மென்மையானது. வெப்பத்தில் மேலும் மென்மையாகித் தூசியை ஏற்றுக்கொள்ளும். அதன்மேல் வார்னிஷ் இருந்தால் தூசி வார்னிஷில் படியும். ஓவியத்திற்கென விற்கப்படும் வார்னிஷ்களில், பின்னர் நீக்கிப் புதிதாகப் பூசத்தக்கது எது என்று பார்த்து வாங்குவது நல்லது. மரச்சாமான் வார்னிஷ் வேண்டா, அது மஞ்சளாகும். வண்ணம் உள்ளும் புறமும் நன்கு உலர்ந்த பிறகே பூச வேண்டும். தடித்த பூச்சு ஒன்றைவிட மெல்லிய பூச்சு இரண்டு மூன்று மேல்.

சாய மையாலோ ஸ்கெட்ச் பேனாவாலோ கோடு வரைந்து அக்ரிலிக் தீட்டிய கலப்பு ஓவியங்கள்தாம் பெரிதும் ஏமாற்றுபவை. வண்ணம் அசையாது, தூரிகை பட்டவுடன் கோடு மட்டும் புகைபோல் பரவும். இவற்றுக்குத் தூரிகையைத் தவிர்த்து, ஸ்ப்ரே வடிவிலுள்ள வார்னிஷைத் தொலைவிலிருந்து மிக மெல்லியதாகத் தெளித்து, உலரவிட்டு மீண்டும் தெளிக்க வேண்டும். ஆனால் ஸ்ப்ரேயில் கலந்துள்ள கரைப்பான் சில மார்க்கர் மைகளைக் கரைக்கும். ஆகவே அதே மை, அதே தாள் கொண்ட ஒரு துண்டில் முதலில் தெளித்துப் பார்ப்பது கட்டாயம். மழைநாளில் தெளிக்கலாகாது, காற்றிலுள்ள ஈரம் படலத்தில் சிக்கி வெண்மையாகப் புகைபடர்ந்தாற்போல் தோன்றும். அடைத்த அறையிலும் தெளிக்கக் கூடாது. அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு.

இத்தனை செய்தும் காக்க முடியாத ஒன்று உண்டு. அது ஒளி. திருமணப் பத்திரிகையின் மூலைகளில் தடவிய மஞ்சள், சன்னலோரத்தில் சில நாள் கிடந்தால் வெளிறிவிடுவதைக் காணலாம். மதுபனி ஓவியத்தில் இருக்கும் மஞ்சளும் அதே மஞ்சள்தான். வார்னிஷோ கண்ணாடியோ ஈரத்தைத் தடுக்குமேயன்றி, சாயம் வெளிறுவதைத் தடுக்காது. புறஊதாக் கதிர்களை வடிகட்டும் சிறப்புக் கண்ணாடி உண்டு, விலை அதிகம், வெளிறும் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. அருங்காட்சியகங்களில் நீர்வண்ண ஓவியங்கள் இருக்கும் அறை மங்கலாக இருப்பதைக் கண்டு சிலர் குறைகூறுவர். அத்தகைய ஓவியங்களுக்கு 50 லக்ஸ் ஒளிக்கு மேல் கூடாது என்பது அங்குள்ள பொது நெறி. வீட்டில் அவ்வளவு கட்டுப்பாடு இயலாது. நேர்வெயில் படாத சுவரைத் தேர்வதும், சில மாதங்களுக்கு ஒருமுறை ஓவியங்களை மாற்றி மாட்டுவதும் இயலும். புதிதாக வண்ணம் வாங்கி வரைவோர், குழாயின்மேல் அச்சிட்டுள்ள ஒளித்தாங்குதிறன் குறியைப் பார்த்து வாங்கலாம். மஞ்சளைப் பற்றி இன்னுமொரு செய்தி: சோப்பு நீர் பட்டால் அது சிவக்கும். மஞ்சள் கறை பட்ட துணியைத் துவைத்தவர்கள் இதை அறிவர். எனவே மதுபனி ஓவியத்தைச் சோப்பு நீரால் துடைக்க எண்ணவே வேண்டா.

ஓவியம் நனைந்துவிட்டால், முதல் வேலை ஒன்றும் தேய்க்காதிருப்பது. சட்டத்திலிருந்து எடுத்து, சமதளத்தில் உறிஞ்சு தாளின்மேல் படமுகம் மேலாகக் கிடத்தி, மின்விசிறிக் காற்று அறையில் உலவும்படி செய்ய வேண்டும். வெயிலில் காயவைப்பதும் தலை உலர்த்தியைக் காட்டுவதும் தாளை நெளியச் செய்யும். இரண்டு நாள் ஈரம் நீடித்தால் பூஞ்சை தொடங்கிவிடும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட ஓவியத்தைப் பிரிக்க முயலாமல், அப்படியே பாதுகாப்பு வல்லுநரிடம் கொண்டுசெல்ல வேண்டும். 1984இல் தொடங்கப்பட்ட இன்டாக் அமைப்பு, தில்லி, லக்னோ, புவனேசுவரம் உள்ளிட்ட இடங்களில் கலைப்பொருள் பாதுகாப்பு நிலையங்களை நடத்துகிறது.

வங்கியைச் சார்ந்த செய்திகள் இரண்டையும் இங்கே கூறவேண்டும். மதிப்புமிக்க ஓவியத்தைச் சுருட்டிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கலாமா என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. நகைக்கும் ஆவணத்திற்கும் ஏற்ற இடம் அது. காற்றோட்டமற்ற எஃகுப் பெட்டி தாள் வண்ணத்திற்கு உகந்ததன்று. மேலும், 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி போன்றவற்றால் ஏற்படும் இழப்புக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை மட்டுமே. வெள்ளம் முதலிய இயற்கைச் சீற்றத்தால் நேரும் இழப்பு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அதில் சேராது.

இரண்டாவது, காப்பீடு. வீட்டுக் கடனோடு எடுக்கும் காப்பீடு பெரும்பாலும் கட்டடத்திற்கு மட்டுமே. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 2021 ஏப்ரல் முதல் வழங்கிவரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியிலும், நகை, வெள்ளிப் பொருள், ஓவியம், கலைப்பொருள் ஆகியவற்றைத் தாமாகச் சேர்க்கமாட்டார்கள். விருப்பத்தேர்வாக, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, தனியே சேர்க்கச் சொல்லவேண்டும். அதற்கு வாங்கிய ரசீதும், ஓவியம் புதிதாக இருந்தபோதே நல்ல ஒளியில் எடுத்த நிழற்படமும், பின்புறக் குறிப்பின் படமும் தேவைப்படலாம். விற்பனைக்காக ஓவியங்களைச் சேமித்துவைத்திருக்கும் கலைஞர்கள் இப்பாலிசியை நம்பியிருக்க வேண்டா. வணிகச் சரக்கு வீட்டுப் பொருளாகக் கருதப்படுவதில்லை. அதற்கெனத் தனிக் காப்பீடு உண்டு. கடன் பெற்றிருப்போர், சரக்கின் மதிப்பு கூடும்போதெல்லாம் காப்பீட்டுத் தொகையும் அதற்கேற்பக் கூடியிருக்கிறதா என்பதை மழைக்காலத்திற்கு முன்பே தம் கிளையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.